மண்டபத்து மீட்டர் சொல்லும் கணக்கு

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி நடந்த அங்கத்தினர் சந்திப்பில், எரிசக்தித் தணிக்கைப் பணியில் பல வருஷங்கள் இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. நேரில் கேட்க இயலாத வெளியூர் அங்கத்தினர்களுக்காக இங்கே தரப்படுகிறது. - ஆசிரியர் குழு)



என் பேச்சு முடிந்ததும் போஜனம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். ஆகையால் என்னுடைய சக்தியைவிட உங்களுடைய சக்தியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சீக்கிரம் முடித்துவிடப் பார்க்கிறேன்.

செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘எரிசக்தி மேலாண்மையின் அடிப்படைகள்’. பெரிய தலைப்பு. ஆனால் அவர் என்னைக் கூப்பிட்ட காரணம் வேறு. நம்முடைய கிளைகள் பலவற்றில் இப்போது ஒரே யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டட நிதியிலிருந்து பத்துப் பதினைந்து லட்சம் எடுத்து மண்டபத்தின் மொட்டை மாடியில் சூரிய மின்தகடு போட்டுவிடலாம் என்பதே அது. மின்கட்டணம் ஏறுகிற வேகத்துக்கு மண்டப வாடகையை ஏற்ற முடியவில்லை. வருஷக் கடைசியில் மிச்சம் குறைந்தால் முதலில் கை வைப்பது பிள்ளைகளின் கல்வி உதவித் தொகையிலும் முதியோர் வைத்திய உதவியிலும்தான் என்பது பொருளாளர்களுக்குத் தெரியும். எனவே கவலை நியாயமானது. என் கோரிக்கை ஒன்றுதான்: அந்தத் தீர்மானத்தை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். அதற்குள் செய்ய வேண்டிய காரியங்கள் சில இருக்கின்றன. பலவற்றுக்குச் செலவே கிடையாது. அவற்றைச் செய்து முடித்தால் பதினைந்து லட்சத்துக்குப் பதில் எட்டு லட்சத்துத் தகடு போதும் என்று தெரிய வரலாம். தகடே வேண்டாம் என்றும் தெரிய வரலாம்.

முதலில் அடிப்படை. ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடுவது. வாட் பாதி, மணி பாதி. கடைக்காரர் நமக்கு விற்பது வாட்டை. மணிக் கணக்கு நம் கையில் இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சாதாரணக் கூரை மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கும். இப்போது வருகிற பி.எல்.டி.சி. மின்விசிறி சுமார் 30 வாட். வித்தியாசம் 45 வாட். விலையில் வித்தியாசம் 1,500 ரூபாய் என்றும், ஒரு யூனிட் 8 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். நம்முடைய மாணவர் விடுதியில் ஒரு மின்விசிறி தினம் 14 மணி நேரம், வருஷத்தில் 300 நாள் ஓடுகிறது. மொத்தம் 4,200 மணி நேரம். மிச்சம் 189 யூனிட், அதாவது 1,500 ரூபாய்க்குச் சற்று மேல். ஒரே வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடுகிறது. அதே மின்விசிறியைக் கல்யாண மண்டபத்தில் மாட்டுங்கள். அங்கே வருஷத்தில் 60 நாள், நாளுக்கு 12 மணி நேரம். மொத்தம் 720 மணி. மிச்சம் 32 யூனிட், சுமார் 260 ரூபாய். பணம் திரும்பி வர ஆறு வருஷத்துக்கு அருகில் ஆகும். விசிறி ஒன்றுதான், விலை ஒன்றுதான். விடுதியில் அது புத்திசாலித்தனம்; மண்டபத்தில் பழைய விசிறி பழுதாகும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நடப்பது என்ன? நன்கொடையாளர் பெயர்ப் பலகை மண்டபத்தில்தான் எல்லோர் கண்ணிலும் படும். ஆகவே புது விசிறி மண்டபத்துக்குப் போகிறது, பழைய விசிறி விடுதிக்குப் போகிறது! நன்கொடையாளர்களைக் குறை சொல்லவில்லை. மணிக்கணக்கை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஆகவே முதல் வேலை, எது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதுவது. பொறியாளர் வேண்டாம், பள்ளிக்கூடப் பையன் எழுதலாம்.

இரண்டாவது வேலை இன்னும் சுலபம். முகூர்த்தம் இல்லாத ஒரு நாள் இரவு மண்டபத்தைப் பூட்டும்போது மீட்டரைப் பாருங்கள். மறுநாள் காலை திறக்கும்போது பாருங்கள். யாருமே இல்லாத கட்டடத்தில் மீட்டர் எத்தனை ஓடியிருக்கிறது? நான் இதைச் செய்யச் சொன்ன இடங்களில் ‘சைபர்தான் இருக்கும்’ என்று பந்தயம் கட்டியவர்கள் உண்டு. ஒரு இடத்திலும் சைபர் இருந்ததில்லை. காலி டீப் ஃப்ரீசர் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே இரண்டு ஐஸ்கிரீம் டப்பா, அதுவும் போன தை மாதத்து வரவேற்பில் மிஞ்சியது. கீசரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வு ஒழுகுவதால் பம்ப் இரவு முழுவதும் தானே ஓடி ஓடி நிற்கும். பின்கட்டில் விளக்கு பகலிலும் எரியும். இரவு பகல் பாராமல் 2 கிலோவாட் வீணாக ஓடினால் வருஷத்துக்கு 17,520 யூனிட். எட்டு ரூபாய் வீதம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் அதில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு டார்ச் விளக்கும் காவலாளியின் ஒத்துழைப்பும் போதும்.

இனி பில்லுக்கு வருகிறேன். வீட்டுக்கு வருகிற பில்லும் மண்டபத்துக்கு வருகிற பில்லும் ஒரே ஜாதி இல்லை. பெரிய இணைப்புகளுக்கு யூனிட்டுக்கு ஒரு கட்டணம் உண்டு. அதற்குமேல் ‘டிமாண்ட் சார்ஜ்’ என்று தனியாக ஒன்று உண்டு. மின்வாரியம் நமக்காக எத்தனை கே.வி.ஏ. ஒதுக்கி வைத்திருக்கிறது என்பதற்கான வாடகை அது. மாதத்தில் எந்த அரை மணி நேரத்தில் நம் சுமை அதிகமாக இருந்ததோ (சில மாநிலங்களில் கால் மணி) அந்தச் சராசரியை மீட்டர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதுவும், ஒப்பந்தத்தில் எழுதிய அளவின் ஒரு சதவீதமும், இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம். இந்தச் சதவீதம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும் இந்த வாடகை நிற்காது.

கணக்குக்காக ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தம் 150 கே.வி.ஏ. கட்டடம் கட்டிய காலத்தில் ஒப்பந்தக்காரர் ‘இருக்கட்டுமே’ என்று போட்டது. பன்னிரண்டு மாத பில்லைப் பரப்பிப் பார்த்தால் அதிகபட்சம் பதிவானது 96. கே.வி.ஏ.வுக்கு மாதம் 400 ரூபாய், குறைந்தபட்சம் 85 சதவீதம் என்று கொண்டால், 127.5 கே.வி.ஏ.வுக்கு மாதாமாதம் 51,000 ரூபாய் போகிறது. ஒப்பந்தத்தை 110ஆகக் குறைத்தால் 93.5க்கு 37,400 ரூபாய். மாதம் 13,600 மிச்சம். வருஷத்துக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல். ஒரு விளக்கை அணைக்கவில்லை, ஒரு இயந்திரம் வாங்கவில்லை. ஒரு விண்ணப்பம், பத்துத் தடவை அலுவலகத்துக்கு நடை. அவ்வளவே.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ரொம்பவும் குறைத்துவிட்டால், வைகாசி முகூர்த்தத்தில் அளவைத் தாண்டி அபராதம் கட்ட வேண்டி வரும். திரும்ப ஏற்றுவது குறைப்பதைவிடக் கஷ்டம். ஆகவே முழு வருஷ பில்லைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, அந்த உச்சம் எப்போது வருகிறது? எல்லோரும் ஏ.சி.யைச் சொல்வார்கள். பல மண்டபங்களில் அது விடியற்காலை நாலு மணிக்கே வந்துவிடுகிறது. முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் என்று இருபது அறைகள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்நானம். கீசர் ஒன்று 2 கிலோவாட் என்றால் இருபது கீசருக்கு 40 கிலோவாட். அதே நேரத்தில் சமையற்கட்டில் கிரைண்டர் ஓடுகிறது, தண்ணீர் தீர்ந்து பம்ப் ஓடுகிறது, நாதஸ்வரக்காரர் மைக் கேட்கிறார். அந்த அரை மணிதான் உங்கள் மாத வாடகையை நிர்ணயிக்கிறது. மாடியில் சூரிய வெந்நீர்க் கலம் வைத்தால் இந்தச் சுமை பெருமளவு போய்விடும். இடமில்லாதவர்கள் ஹீட் பம்ப் வைக்கலாம். அது சாதாரணக் கீசர் எடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் அதே வெந்நீரைத் தரும். இரண்டுமே வெந்நீரைச் சேமித்து வைப்பவை என்பதுதான் விசேஷம். முந்தின நாள் பகலிலேயே சூடாக்கி வைத்துக்கொள்ளலாம்.

பகல், இரவு என்று நான் பிரித்துப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மத்திய அரசு 2023 ஜூனில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. பத்து கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக, தொழில் இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் முதலும், விவசாயம் நீங்கலான மற்றவர்களுக்கு 2025 ஏப்ரல் முதலும் நேரத்துக்கு ஏற்ற கட்டணம் வர வேண்டும் என்பது விதி. சூரிய ஒளி இருக்கும் எட்டு மணி நேரத்தில் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் கம்மி. உச்ச நேரத்தில் வணிக இணைப்புகளுக்குக் குறைந்தது 20 சதவீதம் அதிகம். மாநில ஆணையங்கள் ஒவ்வொன்றும் இதைத் தங்கள் தங்கள் விதத்தில் அமல்படுத்துகின்றன. மும்பைக்காரர் கணக்கு டெல்லிக்காரருக்குப் பொருந்தாது. பெங்களூர்க்காரர் தம் பில்லின் பின்பக்கத்தைத்தான் படிக்க வேண்டும். ஆனால் நமக்குள்ள சங்கடம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். உச்ச நேரம் பெரும்பாலும் மாலை. நம்முடைய வரவேற்பும் மாலை ஆறரை மணிக்கு! வரவேற்பை மத்தியானத்துக்கு மாற்றச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. மாற்றக் கூடியதை மாற்றலாம். தொட்டி நிரப்புவது, மாவு அரைப்பது, வெந்நீர் எல்லாம் பகலில். மண்டபத்தை நாலு மணிக்கே குளிரவைத்துக் கதவைச் சாத்திவிட்டால், ஆறு மணிக்கு எல்லா ஏ.சி.யும் ஒரேயடியாக முட்டி மோதி ஓட வேண்டியதில்லை.

பவர் ஃபாக்டர் என்று பில்லில் ஒரு வரி இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். காபியை வைத்துச் சொல்கிறேன். நல்ல டிகிரி காபியை ஆற்றி ஊற்றினால் டம்ளரில் பாதி காபி, பாதி நுரை. உடம்பில் சேர்வது காபி. ஆனால் டம்ளர் இரண்டுக்குமாகப் பெரியதாக வேண்டும். வேலை செய்யும் மின்சாரம் காபி, மோட்டாரும் பழைய சோக்கும் காந்தப் புலத்துக்காக இழுத்துத் திருப்பிவிடுவது நுரை, கே.வி.ஏ. என்பது டம்ளர். 80 கிலோவாட் வேலைக்கு, பவர் ஃபாக்டர் 0.8 என்றால் 100 கே.வி.ஏ. டம்ளர் வேண்டும். 0.98 என்றால் 82க்குள் அடங்கிவிடும். கெபாசிட்டர் பெட்டி வைத்தால் நுரை அங்கேயே அடங்குகிறது. (இங்கே உட்கார்ந்திருக்கும் மின்பொறியாளர்கள் இரண்டையும் நேராகக் கூட்டக்கூடாது, செங்கோண முக்கோணம் என்று சொல்லத் துடிப்பது தெரிகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு பேசுவோம்.) ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய குழல் விளக்குகளை எல்லாம் எல்.இ.டி.யாக மாற்றிய பிறகும் அந்தக் காலத்து கெபாசிட்டர் அப்படியே ஓடிக்கொண்டிருந்தால், தேவைக்கு மேல் போய் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். அதற்கும் கட்டணம் வசூலிக்கும் மாநிலங்கள் உண்டு. சுமைக்குத் தகுந்தாற்போல் தானே கூடிக் குறையும் பெட்டியாக இருப்பது நல்லது.

இதுவரை சொன்னது பொருளாளர் செய்ய வேண்டிய வேலை. அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். பில் பொருளாளருக்கு வருகிறது, சுவிட்ச் காவலாளியிடம் இருக்கிறது, ஏ.சி. ரிமோட் பெண்ணின் மாமாவிடம் இருக்கிறது. வாடகையோடு மின்சாரமும் சேர்த்து ஒரே தொகை என்று வாங்கினால் அந்த மாமா ஏன் 18 டிகிரியை விட்டு நகர வேண்டும்? அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். மண்டபத்துக்குத் தனி மீட்டர் வைத்து, சாவி கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இரு தரப்பும் சேர்ந்து ரீடிங் எடுத்து, செல்போனில் ஒரு படமும் பிடித்துக்கொண்டு, ஓடிய யூனிட்டுக்குத் தனியாகக் கட்டணம் வாங்குங்கள். வாடகையில் அதற்கேற்பக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். முதல் இரண்டு கல்யாணத்தில் முணுமுணுப்பு வரும். பிறகு கல்யாண காண்ட்ராக்டரே வந்து ‘மேலே யாரும் இல்லை, ஏ.சி.யை அணைக்கட்டுமா’ என்று கேட்பார். நான் இதுவரை சிபாரிசு செய்தவற்றில் இதைவிடப் பலன் தந்த இயந்திரம் எதுவும் இல்லை.

ஏ.சி.யைப் பற்றி இரண்டு வார்த்தை. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீட்டோடு தயாராகும் அறைக் குளிர்சாதனங்கள் எல்லாம், போட்டதும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 24இல் வைத்து மேலே விசிறியும் சுற்றினால் பட்டுப் புடவைக்கும் தாங்கும், பஞ்சகச்சத்துக்கும் தாங்கும். ஹோமம் நடக்கும்போது புகை போக ஜன்னலைத் திறக்கத்தான் வேண்டும். அந்த ஒன்றரை மணி ஏ.சி.யை நிறுத்திவிட்டு எக்ஸாஸ்டை மட்டும் போடுங்கள். ஜன்னலும் திறந்து ஏ.சி.யும் ஓடினால் தெருவைக் குளிரவைக்கிறோம். சாப்பாட்டுக் கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் உள்ள கதவும் அப்படியே. சமையற்கட்டின் எக்ஸாஸ்ட் விசிறி கூடத்தில் உள்ள குளிர்ந்த காற்றை எல்லாம் இழுத்து வெளியே தள்ளிவிடும். தானே மூடிக்கொள்ளும் கதவு ஒன்று போதும்.

சமையல் எரிவாயுவும் எரிசக்திதான். 19 கிலோ சிலிண்டர் ஒரு கல்யாணத்துக்கு எத்தனை என்று எழுதி வைக்கிற மண்டபத்தை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். தண்ணீர் கொதித்துவிட்டால் அதற்குமேல் எத்தனை பெரிய தீ வைத்தாலும் அது நூறு டிகிரியைத் தாண்டாது, ஆவியாகத்தான் போகும். கொதி வந்ததும் தீயைத் தணித்து அண்டாவை மூடுவது, பருப்பை முன்கூட்டியே ஊறவைப்பது, சுடர் மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழுவுவது, இவை எல்லாம் நம் பாட்டிகள் அறிந்தவை. பரிசாரகரிடம் சொல்லும்போது பக்குவமாகச் சொல்ல வேண்டும். சாம்பார் விஷயத்தில் பொறியாளர் தலையிடுவதை அவர் விரும்பமாட்டார்!

ஜெனரேட்டர். லிட்டர் டீசலுக்குச் சுமாராக மூன்றரை யூனிட் வந்தால் நல்ல நிலை. டீசல் 90 ரூபாய் என்று கொண்டால் யூனிட்டுக்கு 25 ரூபாய்க்கு மேல், எரிபொருள் செலவு மட்டும். 125 கே.வி.ஏ. ஜெனரேட்டரை நாலு விளக்குக்காக ஓட்டினால் அந்த மூன்றரையும் வராது. அலங்காரக்காரருடைய சீரியல் விளக்குகள் அதில் எத்தனை மாட்டியிருக்கின்றன என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

நம்மில் சிறு தொழிற்சாலை நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், புணே, ஃபரீதாபாத், ஹௌரா, பீன்யா என்று. அவர்களுக்கு மூன்றே விஷயம். அழுத்தப்பட்ட காற்றுதான் தொழிற்சாலையிலேயே விலை உயர்ந்த சரக்கு. கம்ப்ரஸருக்குப் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று ஒழுகினால் 3 கிலோவாட்டுக்குக் குறையாமல் போகும். ஞாயிற்றுக்கிழமை எல்லா இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓட்டி, காது கொடுத்துக் கேளுங்கள். சீறும் இடமெல்லாம் பணம். இரண்டாவது, பம்பும் ப்ளோயரும். வால்வைத் திருகி ஓட்டத்தைக் குறைப்பது, ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே பிரேக் போடுகிற மாதிரி. வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் குறையும். வேகம் 20 சதவீதம் குறைந்தால் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். (மேலே உயரத்துக்குத் தூக்கும் பம்புக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.) மூன்றாவது, பாய்லர் வைத்திருப்பவர்களுக்கு. உள்ளே போகும் தண்ணீரை 6 டிகிரி கூடுதலாகச் சூடாக்கி அனுப்பினால் எரிபொருளில் சுமார் ஒரு சதவீதம் மிச்சம். நீராவி குளிர்ந்து வரும் வெந்நீரைச் சாக்கடையில் விடாதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001இல் வந்தது. எரிசக்தித் திறன் செயலகம் 2002 மார்ச்சில் தொடங்கியது. பெரிய வணிகக் கட்டடங்களுக்கான கட்டட விதிகளை 2007இல் வெளியிட்டார்கள். 2022 திருத்தம் குடியிருப்புகளையும் அந்த வட்டத்துக்குள் கொண்டுவர வழி செய்தது. புதிய மண்டபம் கட்டத் திட்டமிடும் கிளைகள், தங்கள் மாநிலத்தில் எது அமலில் இருக்கிறது என்று ஆர்க்கிடெக்டிடம் முதல் நாளே கேட்டுவிட வேண்டும். கட்டிய பிறகு சுவரைத் திருப்ப முடியாது.

கட்டுவதைப் பற்றிப் பேசும்போது ஹைதராபாத்தில் இன்ஃபோஸிஸ் செய்த ஒரு சோதனையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போச்சாரம் வளாகத்தில் ஒரே கட்டடத்தை இரு சம பாதிகளாகக் கட்டினார்கள். இடது வலது மாறினாலும் இரண்டும் ஒரே அமைப்பு. 2011இல் குடியேறினார்கள். ஒரு பாதியில் வழக்கமான முறையில் குளிர்ந்த காற்றை ஊதினார்கள், அதுவும் நல்ல திறனோடு. மறு பாதியில் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே குழாய் பதித்துக் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டார்கள். ஒரே கன அளவுக்குத் தண்ணீர் காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமக்கும் என்பதுதான் தத்துவம். இரண்டு வருஷம் அளந்ததில், தண்ணீர்ப் பாதி குளிரூட்டலுக்கு 34 சதவீதம் குறைவான மின்சாரம் எடுத்தது. உடனே நம் மண்டபத் தரையிலும் குழாய் பதிக்கலாமா என்று கேட்காதீர்கள். மாதத்தில் ஐந்து நாள் திறந்து, கதவு எப்போதும் திறந்தே கிடக்கும் கட்டடத்துக்கு அது சரிப்படாது. மழைக்காலத்தில் தரை வியர்த்துவிடும். நான் அங்கே மெச்சுவது வேறு. விற்பனையாளர் சொன்னதை நம்பாமல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மீட்டரால் அளந்தார்களே, அந்த மனப்பான்மையை. நம் விடுதியில் ஒரு மாடியில் மட்டும் மாற்றிவிட்டு அடுத்த மாடியோடு மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு என்ன தடை?

மொட்டை மாடி வெயிலில் மேல்மாடி விடுதி அறைகள் மே மாதத்தில் அடுப்பாகிவிடுகின்றன. வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ போட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். தெலங்கானா அரசு 2023இல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை ஒன்றை அறிவித்தது. அந்தக் காலத்து அக்ரஹார வீட்டில் முற்றமும் திண்ணையும் இருந்தன, விசிறியே தேவைப்படவில்லை என்று சொல்வார்கள். பாதி உண்மை. சித்திரை மாதத்தில் பாட்டி கையில் பனையோலை விசிறி இருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, தொடங்கிய இடத்துக்கு, சூரியத் தகட்டுக்கு வருகிறேன். நான் அதற்கு விரோதி இல்லை. ஒரு கிலோவாட் தகடு நம் நாட்டில் நாளுக்குச் சராசரியாகச் சுமார் நாலு யூனிட் தரும். 30 கிலோவாட் போட்டால் நாளுக்கு 120 யூனிட். விடுதிக்கும் பள்ளிக்கும் அது பகலிலேயே செலவாகிவிடும். அங்கே தயங்காமல் போடலாம். மண்டபம் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியிருக்கிறது, ஓடுகிற நாளிலும் பெரும் சுமை விடியற்காலையிலும் மாலையிலும். தகடு தரும் மின்சாரத்தில் பெரும்பகுதி வாரியத்துக்குத்தான் போகும். வாரியம் அதை யூனிட்டுக்கு யூனிட் கழிக்கிறதா, அல்லது குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறதா என்பதைப் பொறுத்தே உங்கள் பதினைந்து லட்சம் திரும்பி வரும் காலம் இருக்கிறது. இதுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தகடு டிமாண்ட் சார்ஜையும் பெரிதாகக் குறைக்காது. விடியற்காலை நாலு மணிக்குச் சூரியன் வருவதில்லை. இலவசத் தணிக்கை செய்து தருகிறேன் என்று வருகிற கம்பெனி எதை விற்கிறதோ, அதைத்தான் சிபாரிசு செய்யும். செயலகத்தின் தேர்வில் தேறிய தணிக்கையாளருக்கு ஒரு தொகை கொடுத்து அறிக்கை வாங்குவது அதைவிட மலிவு.

ஒவ்வொரு கிளையும் பன்னிரண்டு மாத பில் நகல், இணைப்பு ஒப்பந்தத்தின் நகல், ஒரு இரவு ரீடிங், இந்த மூன்றையும் அடுத்த செயற்குழுவுக்குள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினால், நானும் ஓய்வு பெற்ற இரண்டு நண்பர்களும் உட்கார்ந்து பார்த்துத் தருகிறோம். கட்டணம் எதுவும் வேண்டாம். காபி மட்டும் போதும், நுரை குறைவாக.

(உரைக்குப் பின் கேட்கப்பட்ட கேள்விகளில் இரண்டு)

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பொது விளக்கு, லிஃப்ட், பம்ப் ஆகியவற்றுக்குத் தகடு போட அரசு மானியம் உண்டா?

பதில்: உண்டு. 2024 பிப்ரவரியில் அறிவித்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில், குடியிருப்புச் சங்கங்களின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் என்று வைத்தார்கள். தனி வீட்டுக்கு 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய். கல்யாண மண்டபம் வணிக இணைப்பு. அதற்கு இது பொருந்தாது. விண்ணப்பிக்கும் அன்று நடப்பில் உள்ள விதியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லிஃப்டை நிறுத்திவிட்டு எல்லோரும் படி ஏறினால் எவ்வளவு மிச்சமாகும்?

பதில்: முதலில் பம்பின் மிதவை வால்வைப் பாருங்கள். எண்பது வயது மாமியைப் படி ஏறச் சொல்லி மிச்சம் பிடிக்கும் சில்லறை யூனிட்டைவிட, அந்த வால்வு இரவில் தின்பது அதிகமாக இருக்கும்.